ஆறாம் நம்பர் தறி

சித்தூர் மாவட்டத்தின் அறுபத்தாறு மண்டலங்களிலும் பொது இடத்தில் ஒருமுறைகூட அசடு வழியாத ஒரே மனிதன் நான். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் கேட்டிருந்தால் அவரிடமே சொல்லிப் பதிய வைத்திருப்பேன். அவர் கழிப்பறை உண்டா, ரேடியோ உண்டா என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆதாரம் தருகிறேன். நான் எந்தக் கல்யாண ஊர்வலத்திலும் ஆடியதில்லை. எந்தப் பஸ்ஸின் பின்னாலும் ஓடியதில்லை. போகிற பஸ்ஸை மரியாதையாகப் போகவிட்டு அடுத்ததில் ஏறுவேன். திருப்பதியில் நான் பி.எஸ்சி. படிக்கும் கல்லூரியில், சுவர்ப் பத்திரிகைக்கு வாரம் ஒரு நையாண்டி எழுதுகிறேன். கூட்டமாக நின்று எல்லோரும் அதைப் படித்துச் சிரிக்கும்போது நானும் பக்கத்தில்தான் நிற்பேன், பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதியைப் பார்ப்பவன் போல. என் முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்த முகத்தை நான் மூன்று வருடம் பழகிச் சம்பாதித்தேன்.

எங்கள் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, அதே முகம் பழகாமலே வந்தது.

நைனா பெயர் முனிகிருஷ்ணன். நகரியில் வெங்கடசாமியின் ஷெட்டில் இருபத்தாறு வருடமாக விசைத்தறி ஓட்டினார். ஷெட்டில் மொத்தம் பன்னிரண்டு தறி. ஐந்து முதல் எட்டு வரை நைனாவின் பொறுப்பு. நான்கு தறிகளுக்கும் நடுவே நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும். நூல் அறுந்தால் முடிய வேண்டும், ஊடைநூல் சுற்றிய தார்க்குச்சி தீர்ந்தால் மாற்ற வேண்டும். தறி ஓடும் சத்தத்தில் அங்கே யாரும் பேசுவதில்லை, எல்லாம் கை ஜாடைதான். அண்ணன் ரமணா கம்ப்யூட்டர் படித்துவிட்டு, இரண்டாயிரமாவது வருடம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பி உலகத்துக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ள அமெரிக்காவுக்குப் போனான். வருடம் பிறந்தது, உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நைனாவுக்குத்தான் ஆனது.

முதலில் சிரிப்பு போயிற்று. அடுத்து, நடக்கும்போது வலது கை வீசுவது நின்றது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத நூலைத் திரித்துக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போட்டால் ‘முனி’ பெரிதாக ஆரம்பித்து, ‘கிருஷ்ண’வில் இளைத்து, ‘ன்’ எறும்பாக முடிந்தது. பிறகு கால். வீட்டு நிலைவாசலுக்கு வந்ததும் யாரோ பிசின் தடவியது போல இரண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

“உள்ள வாயேன்யா. நிலை இன்னா கடிக்குதா?” என்று அம்மா கேட்பாள். அம்மா பெயர் சென்னம்மா.

“வரணும்னுதான் நிக்கறேன்,” என்பார் நைனா. குரலும் சிறுத்துப் போயிருந்தது.

ஆனால் ஷெட்டுக்குள் போய்விட்டால் மனிதர் ராஜநடை நடந்தார். தறிக்குத் தறி கைவீச்சு இல்லாமலே கச்சிதமாகப் போய் வந்தார். கரண்ட் இருக்கிறவரை. நகரியில் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, மின்சார ஆபீசுக்கும் தெரியாது. கரண்ட் போனதும் பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில் நிற்கும். கூடவே நைனாவும் நிற்பார். ஆறாம் தறிக்கும் ஏழாம் தறிக்கும் நடுவில், ஒரு குதிகால் தூக்கியபடி, சிலையாக. கரண்ட் வந்ததும் தறி ஓடும், நைனாவும் நடப்பார்.

இதை நீங்கள் நோய் என்று நினைப்பீர்கள். முதலாளி வெங்கடசாமி அப்படி நினைக்கவில்லை. ஜெனரேட்டர் வாங்கித் தரச் சொல்லி ஆட்கள் அவரை நச்சரித்துக்கொண்டிருந்த சமயம் அது. நைனா தன்னைக் கேலி செய்து நாடகம் போடுகிறார் என்று அவர் முடிவுகட்டினார். மகன் காலேஜில் நையாண்டி எழுதுகிறவன், அப்பன் ஷெட்டில் நடித்துக் காட்டுகிறான், ரத்தம் ஒன்றுதானே என்பது அவர் கணக்கு.

“இன்னா முனிகிருஷ்ணா, ஜெனரேட்டர் வாங்கலன்னு எனக்கே டிராமா போட்டுக் காட்றியா?”

“இல்ல மொதலாளி. கால் வரல.”

“கரண்டு கீற வரைக்கும் வருது, கரண்டு பூட்டா வரலியா? உன் காலு இன்னா எலக்ட்ரிசிட்டி போர்டா?”

ஷெட்டே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. சிரிக்க முடியாத முகத்தை, திமிர் பிடித்த முகம் என்று முதலாளி படித்துக்கொண்டார். “நோவுன்னா வூட்ல கெட. நடிப்புன்னா வேற எடம் பாத்துக்க,” என்று வெளியே அனுப்பிவிட்டார். இருபத்தாறு வருடம் ஒரு பொய் சொல்லாத மனிதர், தான் பொய் சொல்லவில்லை என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். வந்து, நிலைவாசலில் நின்றார்.

அதற்குப் பிறகு தறிச் சத்தமும் இல்லை, நடையும் இல்லை. ஒருநாள் குளியலறைக் கதவில் அரைமணி நேரம் ஒட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்து அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. அம்மாவும் பத்து வருடம் அதே ஷெட்டில் தார் சுற்றியவள்.

“தறி ஓடினாத்தான் நடப்பியோ? இந்தா, ஓடுது. டக்கட-டக், டக்கட-டக்!” என்று வாயாலேயே தறி ஓட்டிக் காட்டினாள். கேலிக்குத்தான் செய்தாள்.

நைனா நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“மறுபடியும் சொல்லு,” என்றாராம் நைனா.

தசரா விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்தபோது இந்த வித்தை தெருவுக்கு வந்திருந்தது. அம்மா முன்னால் டக்கட-டக் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போக, நைனா பின்னால் நடந்தார். மார்க்கெட்டுக்கு அப்படி. கோயிலுக்கு அப்படி. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் தெருவின் அந்தப் பக்கம் போய், யாரோ ஒரு தம்பதி என்பது போல நடந்தேன். மானம் ஒரு நாளில் வருவதில்லை, இப்படிக் காக்க வேண்டியிருக்கிறது.

திருப்பதிக்குத் திரும்பியதும் எழுதினேன். தலைப்பு, ‘மின்வாரியத்தின் கவனத்துக்கு’. பெயர்களை மாற்றியிருந்தேன். “எங்கள் ஊரில் ஒருவருக்குக் கரண்ட் கனெக்‌ஷன் உண்டு, மீட்டர் கிடையாது. மின்சாரம் நின்றால் நிற்பார். வந்தால் நடப்பார். மின்வெட்டு நேரத்தில் அவருடைய மனைவியே ஜெனரேட்டர்…” என்று போகும். கையெழுத்து இளைத்தது, சிரிப்பு போனது, நிலைவாசல், குளியலறை, எதையும் விடவில்லை. கடைசி வரி இது: “நாலு பேர் பார்க்க வாயால் தறி ஓட்டுவதைவிட, நான் நின்ற இடத்திலேயே வேர்விட்டு மரமாகிவிடுவேன்.” அந்த வரியை மூன்றுமுறை திருத்தினேன்.

அந்த வாரம் சுவரருகே இருந்த கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் படித்துக் காட்டினார்கள். என் அறைத் தோழன் திருமலை, பாலசமுத்திரத்துக்காரன், கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

“மச்சான், எங்கடா புடிச்ச இந்த ஜோடிய?”

“கற்பனை,” என்றேன்.

ரத்ததான முகாமுக்காக டாக்டர் ரூபா எங்கள் கல்லூரிக்கு வந்தது அந்த வாரம்தான். திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டர். பிரின்சிபாலுக்காகக் காத்திருந்த நேரத்தில் சுவர்ப் பத்திரிகையைப் படித்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாராட்டு என்று நினைத்துச் சட்டைக் கைகளை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

அவர் தெலுங்கில் கேட்டதை இங்கே தமிழில் தருகிறேன். கையில் நோட்டு வைத்திருந்தார், என் கட்டுரை முழுவதும் அதில் ஏறியிருந்தது. சிரித்த அடையாளமே இல்லை. ஒரு நிமிடம், என்னைவிடப் பெரிய ஆள் என்று நினைத்தேன்.

“இது கற்பனையா?”

“முழுக்கக் கற்பனை, மேடம்.”

“நிலைவாசலில் கால் ஒட்டிக்கொள்கிறது. தாளமான சத்தம் கேட்டால் விடுபடுகிறது. முகத்தில் அசைவு இல்லை. கை வீசுவதில்லை. எழுத்து வரவரச் சிறுத்துப் போகிறது. இத்தனையையும் கற்பனை செய்ய வேண்டுமானால் நரம்பியல் படித்திருக்க வேண்டும். நீ என்ன படிக்கிறாய்?”

“பாட்டனி.”

“யார் இவர்?”

பிரின்சிபாலும் என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே திருமலை நின்றுகொண்டு காதை நீட்டியிருந்தான்.

“எங்க நைனா,” என்றேன். அந்தக் கல்லூரியில் அன்றுதான் முதல்முறையாக அதைச் சொன்னேன்.

அடுத்த வாரம் நைனாவையும் அம்மாவையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ரூபா நைனாவை நத்தைக்கூடு போலச் சுருள் வரையச் சொன்னார். விரலோடு விரல் தட்டச் சொன்னார். நடக்க வைத்தார், திரும்ப வைத்தார், பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சாப்பிட்ட பழைய மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் வாங்கிப் பார்த்தார், சில மாத்திரைகளாலும் இப்படி வருமாம். நைனாவுக்குப் புரிகிற மாதிரி தமிழும் தெலுங்கும் கலந்தே பேசினார்.

“முனிகிருஷ்ணன்காரு, இது பார்க்கின்சன் நோய். மூளைக்குள்ள, காலைப் பார்த்து ‘இப்ப எடு, இப்ப வை’ன்னு சொல்ற ஒரு கடிகாரம் மாதிரி ஏற்பாடு உண்டு. உங்களுக்கு அது தேயுது. வெளியிலருந்து தாளம் வந்தா, மூளை அதைப் பிடிச்சுக்கிட்டு நடக்குது. மாத்திரை தரேன், நடுக்கம் குறையும். முழுசா தீர்க்கற மருந்து இன்னும் யார்கிட்டயும் இல்ல.”

நைனா கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “அப்ப இது நடிப்பில்லியா?” என்றார்.

“காது, காது. நடிப்பே இல்ல.”

தெலுங்கில் ‘காது’ என்றால் ‘இல்லை’ என்று நகரியில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நைனா அதை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“அத்த ஒரு பேப்பர்ல எழுதித் தர முடியுமாமா?”

எழுதித் தந்தார். நைனா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போனதும் ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். வெங்கடசாமி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இங்கிலீசுல இன்னா வேணா எழுதலாம்,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் ரூபாவின் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த நோய்க்காரர்கள் தாளத்துக்கு நடப்பார்கள் என்பது மருத்துவ உலகத்துக்குப் புதிதில்லை. வெளிநாடுகளில் டிக் டிக் என்று அடிக்கும் கருவியை வைத்து நடக்க வைத்துப் பார்த்திருக்கிறார்களாம். அவருடைய கேள்வி வேறு. ஒருவர் இருபது, முப்பது வருடம் எந்தச் சத்தத்துக்குள் நடந்தாரோ, அந்தச் சத்தத்துக்கு அந்தக் கருவியைவிட அதிக பலம் உண்டா? அதற்காக ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். இருபத்துமூன்று நோயாளிகள். ஒன்பது பேர் நெசவாளர்கள், மற்றவர்கள் விவசாயம், கடை, பஸ் டிரைவர் என்று பலவிதம். சேர விருப்பமா, நடுவில் விலகிக்கொள்ளலாம், பெயர் வெளியே வராது, எண் மட்டும்தான் என்று பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினார்கள். நைனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, எறும்பில் முடியும் தன் கையெழுத்தைப் போட்டார். அவருடைய எண் பதினேழு.

“பேர் வராதாம். நம்பர்தான்,” என்று தெருவில் எல்லோரிடமும் தன் பெயரைச் சொல்லி அறிவித்தார்.

சத்தம் பதிவு செய்ய டாக்டர் நகரிக்கே வந்தார். வெங்கடசாமி அன்று காலை முடிவெட்டிக்கொண்டார். டாக்டர் டேப்ரிக்கார்டரோடும் ஸ்டாப்வாட்சோடும் தறி தறியாகப் போய் எண்ணினார். எல்லாத் தறியும் நிமிடத்துக்கு நூற்று நாற்பது அடியை ஒட்டி ஓடின. ஆறாம் நம்பர் மட்டும் நூற்றுப் பத்து.

“மேடம், அத்துல பெல்ட்டு தொங்கிப் போயிக்கீது,” என்றார் வெங்கடசாமி அவமானத்துடன். “நாளைக்கே டைட் பண்ணிடறேன்.”

“தொடாதீங்க!” டாக்டர் போட்ட சத்தத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். மனிதன் இயல்பாக நடக்கும் வேகமும் நிமிடத்துக்கு நூற்றுப் பத்து காலடியை ஒட்டித்தானாம். வாயால் ஓட்டும்போது அம்மா பன்னிரண்டில் எந்தத் தறியை எடுத்தாள் என்று கேட்டார். “ஆறுதான். அது பக்கத்துலதான் இவரு வேகமா நடப்பாரு,” என்றாள் அம்மா, ஊரறிந்த சங்கதியைச் சொல்பவள் போல.

அன்றிலிருந்து வெங்கடசாமி ஆறாம் தறிக்கு மட்டும் மாலை போட ஆரம்பித்தார். ஆனால் ஆளை அவர் இன்னும் நம்பவில்லை. நைனாவை வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: “ஆறு மாசம் கழிச்சு சித்தூர்ல பெரிய டாக்டருங்க மீட்டிங்கு நடக்கப் போவுதாமே, அங்க இவர நடக்க வெச்சுக் காட்டப் போறாங்களாமே? அவங்க ஒத்துக்கினாங்கன்னா நானும் ஒத்துக்கறேன். துணி பாக்கற வேல தரேன். தறி ஓட்ட வாணாம், நடுவுல நடந்துக்கினு நெசவு குத்தம் பாத்துச் சொன்னா போதும். ஒத்துக்கலன்னா, இந்தப் பக்கம் வரக் கூடாது.”

நைனா தலையசைத்தார். அவருக்கு அந்த ஷெட் வேலை மட்டுமில்லை. உலகத்தில் அவர் தடையில்லாமல் நடக்கக்கூடிய ஒரே இடம் அது.

ஆறு மாதம் நைனா வாரம் ஒருமுறை திருப்பதிக்குப் போனார். ஏழு மீட்டர் பாதை, நடுவில் ஆசாரி செய்து கொடுத்த ஒரு மரநிலை. சத்தம் இல்லாமல் ஒரு நடை, டிக் டிக் கருவியோடு ஒரு நடை, தறிச் சத்தத்தோடு ஒரு நடை. எத்தனை முறை கால் ஒட்டியது, எத்தனை வினாடி என்று எழுதிக்கொண்டார்கள். பதினோராம் எண், பஸ் டிரைவர், தறிச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார். அதையும் எழுதிக்கொண்டார்கள். எல்லோருக்கும் கருவி கொஞ்சம் உதவியது. நெசவாளர்களுக்குத் தறிச் சத்தம் அதைவிட உதவியது. எல்லோரிலும் பதினேழாம் எண் முதலிடம்: பதினோரு முறை ஒட்டிய கால் இரண்டுமுறைதான் ஒட்டியது. எங்கள் வீட்டில் எதிலாவது முதலிடம் வந்தது அதுதான் முதல் தடவை. என் மார்க்குகளையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரமணா அமெரிக்காவிலிருந்து ஒரு வாக்மேன் அனுப்பினான். அதில் ஆறாம் தறியின் கேசட். இடுப்பில் மாட்டி, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு நைனா தனியாக மார்க்கெட் போய் வந்தார். அம்மாவுக்கு ஓய்வு. “இன்னா பாட்டு கேட்டுக்கினு போற?” என்று தெருவில் கேட்டால், “ஆறாம் நம்பர்,” என்பார். முகம் அசையாது. நான் பழகிப் பெற்றது அவரிடம் தோற்றது.

சித்தூர் கூட்டத்துக்கு நகரியிலிருந்து பஸ்ஸில் போனோம். நைனா, அம்மா, நான், முன் சீட்டில் சலவை வேட்டியோடு வெங்கடசாமி. இரண்டரை மணி நேரப் பயணம். நைனா தூங்கிவிட்டார். வாக்மேன் சும்மாதானே இருக்கிறது என்று என் கேசட்டைப் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கமும். சித்தூருக்குள் நுழையும்போது பாடகர் குரல் கொஞ்சம் தடித்து இழுத்தது. ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் இருநூறு டாக்டர்கள். கடைசி வரிசையில் அம்மா. அவளுக்குப் பக்கத்தில் திருப்பதியிலிருந்து சாப்பாட்டுக் கூப்பனுக்காக வந்த திருமலை. முதல் வரிசை ஓரத்தில் வெங்கடசாமி. மேடைக்குக் கீழே அதே மரநிலை. நைனாவைக் கூட்டிவர வேண்டியது என் வேலை என்பதால் நான் நிலைக்கு மூன்றடி தள்ளி நின்றேன்.

டாக்டர் ரூபா பேசி முடித்ததும், முன்வரிசையில் இருந்த சென்னை டாக்டர் ஒருவர், மிகவும் மூத்தவர், ஆங்கிலத்தில் கேட்டார்: இது அந்த மனிதரின் மன நம்பிக்கையாக இருக்கலாம் இல்லையா?

வெங்கடசாமி என் சட்டையை இழுத்தார். “இன்னா சொல்றாரு?”

“நடிப்பா இருக்குமோன்னு கேக்கறாரு.”

“பாத்தியா?” என்றார் வெங்கடசாமி.

“பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்,” என்றார் டாக்டர் ரூபா சென்னைக்காரரிடம். “முதலில் சத்தம் இல்லாமல்.”

நைனா நடந்து வந்தார். நிலைக்கு வந்ததும் கால் ஒட்டியது. குதிகால் தூக்கியபடி சிலையானார். டாக்டர் வினாடிகளை உரக்கச் சொன்னார். பத்து, இருபது, முப்பது.

“இப்போது சத்தத்தோடு.”

நைனா இடுப்பில் இருந்த பொத்தானை அழுத்தினார். நின்றுகொண்டே இருந்தார். மறுபடி அழுத்தினார். வாக்மேனில் எரிய வேண்டிய சிவப்புப் புள்ளி எரியவில்லை. எனக்குப் புரிந்தது. பாடகருக்கு ஜலதோஷம் இல்லை.

நைனா தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா, தெரியாது. ஒன்றும் காட்டாத முகத்தின் கஷ்டம் எதிரே நிற்பவனுக்குத்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள். சென்னைக்காரர் பேனாவை மூடினார். வெங்கடசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கத் தயாரானார். பின்னால் அம்மா எழுந்துவிட்டாள், ஆனால் நடுவில் இருநூறு நாற்காலிகள்.

“மேடம், பேட்டரி தீந்துபோச்சு. நான்தான் தீத்தேன்,” என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கட்டுரையின் கடைசி வரி அவர் நோட்டில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

நான் நைனாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“டக்கட-டக்,” என்றேன். “டக்கட-டக், டக்கட-டக்.”

கால் எழவில்லை.

“கருவி வேலை செய்யவில்லை. இது மகனின் குரல், குறித்துக்கொள்ளுங்கள்,” என்று டாக்டர் மைக்கில் சொன்னார். இப்போது கேட்காதவர்களுக்கும் கேட்டது. கடைசி வரிசையில் திருமலை எழுந்து நின்று பார்த்தான். நான் வேகத்தைக் கூட்டினேன்.

“டேய், டேய்!” முதல் வரிசையிலிருந்து வெங்கடசாமி கத்தினார். சுற்றிலும் டாக்டர்கள் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. “அது ஏழாம் நம்பருடா! ஆறு தொங்கின பெல்ட்டு, இன்னும் மெதுவா ஓட்டு! இப்பிடி!” கையால் தன் தொடையில் அடித்துக் காட்டினார்.

அவர் அடிக்கும் வேகத்துக்கு நான் இறங்கினேன். டக்கட… டக். டக்கட… டக்.

நைனாவின் வலது குதிகால் தரையைத் தொட்டது. இடது கால் எழுந்தது. நிலையைத் தாண்டினார். ஏழு மீட்டரும் நடந்தார், திரும்பினார், மறுபடி நிலைக்குள் நுழைந்து வந்தார். நான் கூடவே போனேன். வெங்கடசாமி தொடையில் அடிப்பதை நிறுத்தவில்லை.

சென்னைக்காரர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. அதற்குள் பின்னாலிருந்து கைதட்டல் ஆரம்பித்தது. கைதட்டல் தாளம் தப்பியதால் நைனா நின்றுவிட்டார். டாக்டர் ரூபா கையைத் தூக்கி மண்டபத்தை அடக்கினார். “டக்கட-டக்,” என்று மறுபடி தொடங்கினேன்.

வெங்கடசாமி வந்து நைனாவின் தோளில் கை வைத்தார். “திங்கக்கெழம வந்துடு முனிகிருஷ்ணா.” வேட்டியை மறுபடி சரிசெய்துகொண்டார். “ஜெனரேட்டருக்கும் ஆர்டர் சொல்லிட்டேன்.”

“வரேன் மொதலாளி,” என்றார் நைனா. என் பக்கம் கண்ணைத் திருப்பினார். “பதினேழாம் நம்பரு பாஸு.”

சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினோம். மண்டபத்து வாசலில் படிகள், அப்புறம் ஒரு இரும்புக் கேட், அப்புறம் சித்தூர் பஜார். திருமலை சிரிக்கத் தயாராகப் பக்கத்தில் வந்தான். என்ன தோன்றியதோ, என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்து, எதிரே வந்தவர்களை வழிவிடச் சொன்னான். நான் நைனாவுக்குக் கொஞ்சம் முன்னால், அவர் காதுக்கு எட்டுகிற அளவுக்கு மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். அம்மா பின்னால் வந்தாள். ஒருமுறை நான் வேகம் கூட்டியபோது, “மெதுவா,” என்றாள்.

வழியில் பேட்டரி விற்கும் கடைகள் இரண்டு இருந்தன. நான் நிற்கவில்லை. நின்றால் நைனாவும் நின்றுவிடுவார்.

டக்கட-டக். டக்கட-டக்.